இருட்டு கேட்ட செடி

அத்தியாயம் பதினொன்று

“இது எப்பவாவது பூக்குமாம்மா?”

“பூக்கும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. பட்டு கையில இருந்திருந்தா இந்நேரம் பூத்திருக்கும். அவளுக்குக் கைராசி.”

“அப்ப எனக்கு?”

“உனக்குத்தான் பொறுமை இருக்கே.”

அம்மா அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள், அன்றைக்கே மறந்தும் போனாள். சின்னு மறக்கவில்லை. கைராசி இருப்பவளுக்குப் பூ. பொறுமை இருப்பவளுக்கு என்ன? தினமும் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பெயரிலேயே அந்தக் கணக்கு தொடங்கிவிட்டது என்று அவளுக்கு ஒரு எண்ணம். மூத்தவளை அம்மா பட்டு என்று கூப்பிட்டாள். அடுத்தவளுக்குச் சின்னு. ஒருத்திக்குச் செல்லம், இன்னொருத்திக்கு அளவு.

முன்னறை ஜன்னல் திண்டில் அந்த ஜேட் செடி இருந்தது. மரத்தைப் போலத் தடித்த அடித்தண்டு, உருண்டு தடித்துப் பளபளக்கும் இலைகள். அம்மாவின் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து சின்னு அதை விடவில்லை. வருஷா வருஷம் பெரிய தொட்டிக்கு மாற்றினாள். உரம் வைத்தாள். காலையில் முகம் கழுவியதும் முதல் வேலை அதற்கு ஒரு குவளை தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைத்தாள். செடி நன்றாகக் கொழுத்தது. தொட்டியோடு சேர்த்துத் தூக்க இப்போது இரண்டு ஆள் வேண்டும். மொட்டு என்று ஒன்று மட்டும் தலைகாட்டவில்லை.

பட்டு வீட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து, மூன்று தடவை லைசென்ஸ் தேர்வில் தோற்ற ஒருவரைத்தான் பட்டு கல்யாணம் செய்துகொண்டாள். ஆள் நல்லவரா, வேலை நிலையானதா என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை. “கியர் மாத்தத் தெரியாதவன் குடும்பத்தைக் கொண்டுபோய் எங்க முட்டுவானோ” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதைப் பட்டு மன்னிக்கவில்லை. நீயாக் கூப்பிடாம இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்றாள். நான் கூப்பிடவா போறேன் என்றாள் அம்மா. இருவருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். அதுதான் வினை.

போகும்போது பட்டு எடுத்துப்போனது ஒரு பெட்டி துணியும் அந்த ஜேட் செடியிலிருந்து ஒடித்த ஒரு கிளையும்தான். கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அம்மா ஜன்னலுக்கு மேலே இருக்கும் குண்டு பல்பைப் போட்டாள். மறுநாள் விடிந்த பிறகுதான் அணைத்தாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை காரணம் கேட்டதற்கு, வர்றவங்களுக்கு வழி தெரியணுமில்ல என்று அம்மா சொன்னது சின்னுவின் காதில் விழுந்தது.

சின்னுவின் அறைக்கதவு அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. வெளிச்சம் கதவிடுக்கு வழியாக வந்து தலையணையில் ஒரு கோடாக விழும். அந்த விளக்கை அணைச்சிடும்மா என்று சொல்ல அவள் எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறாள். கண் கூசுகிறது என்று சொல்லலாம். பூச்சி வருகிறது என்று சொல்லலாம். சாக்குகள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அம்மா பதிலுக்கு, அது பட்டுவுக்கு எரியுது, இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டால்? தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அம்மா வாயால் கேட்க வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் விழுங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் தவறாமல் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு யார் விளக்கு வைப்பார்கள்?

இன்று காலை, குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

அக்காவும் தங்கையும் அம்மாவுக்குத் தெரியாமல் செய்தி அனுப்பிக்கொள்ளத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்கிற அளவுதான். இன்று எழுத்தே இல்லை, ஒரு படம் மட்டும். பிடி உடைந்த ஒரு பழைய டப்பா. அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஜேட் செடி. அதன் தலை முழுக்க, வெள்ளையில் லேசாக இளஞ்சிவப்பு ஓடிய சின்னச் சின்ன நட்சத்திரப் பூக்கள், கொத்துக் கொத்தாக.

சின்னு படத்தைப் பார்த்தாள். பிறகு தன் செடியைப் பார்த்தாள். கையிலிருந்த குவளைத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. துடைக்காமலே வேலைக்குக் கிளம்பினாள்.

சின்னு வேலை செய்வது பல் செட்டு தயாரிக்கும் ஒரு லேபில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, இவர்கள் பல் செய்து கொடுக்க வேண்டும். அவளுடைய தனித்திறமை நிறம். வெளியே வெள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்களே, அதற்குள் மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது, ஓரத்தில் மட்டும் கண்ணாடி போல் நிழலாடுவது என்று எத்தனையோ வகை. வாயில் ஏற்கெனவே இருக்கும் பல்லோடு புதுப்பல் சேர்ந்து உட்கார வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

இன்று ஒரு கல்யாணப் பெண்ணின் முன்பல் அவள் மேஜையில் இருந்தது. நிற அட்டையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பூச்சு பூசி, சூளையில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். லேப் முதலாளி அதை வாங்கி ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அவள் மேஜை விளக்கைக் காட்டினார்.

“இந்த வெளிச்சத்துலயா நிறம் பார்த்தே?”

ஆமாம் என்று தலையசைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம் அது. விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது, விளக்கு தன் நிறத்தையும் சேர்த்துக் காட்டும். எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முதலாளி திட்டவில்லை. கல்யாண போட்டோவில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டியதுதான் என்று சொல்லி, பல்லை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் சின்னு மொட்டை மாடிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டாள். போனில் அவர்கள் பேசுவது இதுதான் முதல் தடவை. பட்டு ஹலோ சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

“என்ன உரம் போட்டே?”

பட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. உரமாவது ஒன்றாவது, தண்ணீர் ஊற்றியே பல வாரம் ஆகிறது என்றாள். வீடு மாறிய அலைச்சலில் டப்பாவைப் பால்கனி மூலையில் வைத்தவள் மறந்தே போய்விட்டாளாம். பால்கனி பல்பும் பியூஸ் போயிற்று. நாளைக்கு மாற்றுகிறேன் என்று அத்தான் தினமும் சொல்வாராம், இன்னும் அந்த நாளை வரவில்லையாம். ஒரு காலையில் துணி காயப்போடப் போனால் மூலை முழுக்கப் பூ. கீழ்வீட்டுக்காரி செடி வளர்ப்பவள், அவள் பார்த்துவிட்டுச் சொன்னாளாம். இதற்குத் தொட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், மண் காய வேண்டும், ராத்திரியில் குளிர் படவேண்டும். எல்லாவற்றையும்விட, இருட்டு வேண்டும்.

“ராத்திரி பூரா வெளிச்சத்துல நின்னுச்சுன்னா, பூக்கற காலம் வந்ததே அதுக்குத் தெரியாதாம்டி.”

சின்னு தன் பெரிய தொட்டியை நினைத்தாள், காலைக் குவளையை நினைத்தாள், உரப் பையை நினைத்தாள். கைராசி என்று ஒன்றுமே இல்லை. மறந்துபோனவள் வீட்டில் பூத்திருக்கிறது. உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் வீட்டில் பூக்கவில்லை. செடிக்குக்கூட அக்காதான் பிடிக்கிறது என்று குழந்தை மாதிரி ஒரு எண்ணம் வந்தது.

பட்டு தொடர்ந்து பேசினாள். “அப்ப நம்ம வீட்டுச் செடி எங்க பூக்கப் போகுது. அங்கதான் விடிய விடிய விளக்கு எரியுதே.”

“அது உனக்கெப்படித் தெரியும்?”

வெள்ளிக்கிழமைகளில் அத்தானுக்குக் கடைச் சரக்கு எடுக்கும் வேலை இந்தப் பக்கம்தானாம். பட்டுவும் கூட வருவாளாம். திரும்பும்போது நம் தெரு வழியாகத்தான் போவார்களாம். நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவர் எப்போதும் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டுவார், அதனால் வீட்டு முன்னால் மெதுவாகப் போனாலும் யாருக்கும் சந்தேகம் வராது என்று சொல்லிப் பட்டு சிரிக்கப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிப்பு சரியாக வரவில்லை.

“ஒரு தடவைகூட நிறுத்தத் தோணலையா?” என்று சின்னு கேட்டாள்.

“எப்படி நிறுத்தறது? விளக்கு எரியுதே. அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரலைன்னுதானே அர்த்தம்.”

மொட்டை மாடியில் யாரோ உலர்த்திய துணி காற்றில் படபடத்தது.

அவர்கள் வளர்ந்த காலத்தில் அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பெண்கள் வர நேரமானால், தெருமுனையில் இருந்தே ஜன்னலைப் பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் அம்மா கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் இருட்டாக இருந்தால் சமாதானம். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஜேட் தொட்டியைச் சாய்த்தால் அடியில் சாவி இருக்கும். திறந்துகொண்டு போய்ப் படுத்துவிடலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். தெருமுனை திரும்பும்போது பட்டு கண்ணை மூடிக்கொண்டு, நீ பார்த்துச் சொல்லு என்று தங்கையின் தோளைப் பிடித்துக்கொள்வாள். இருட்டு என்று சின்னு சொன்னால் இருவரும் குதித்துக்கொண்டு ஓடுவார்கள்.

அம்மா அதை மறந்திருக்க வேண்டும். காத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் விளக்கைப் போட்டிருக்கிறாள். வராதே என்று எழுதிய பலகையைப் பார்ப்பதுபோல் பட்டு அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இவ்வளவு காலமும் இது இருவருக்கும் தெரியாது. இப்போது தெரிந்த ஒரே ஆள் சின்னு.

அப்படி இல்லக்கா என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

“இன்னிக்கும் வருவியா?” என்று மட்டும் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமைதானே.”

வேலை இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வைத்த கையில் ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. விளக்கு எரியட்டுமே. எரிய எரிய அக்கா வரமாட்டாள். தலையணையில் விழும் வெளிச்சக் கோட்டை இனிமேல் பொறுத்துக்கொள்ளலாம். அதே விளக்கு இப்போது தன் பக்கம் நிற்கிறது.

அந்தச் சந்தோஷம் மாடிப்படி இறங்கும்வரைகூடத் தாங்கவில்லை. மேஜையில் கல்யாணப் பெண்ணின் பல் காத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மேகம் விலகிய நல்ல வெளிச்சம். முதலாளி சொன்னது சரிதான், மஞ்சள் அப்பட்டமாகத் தெரிந்தது. விளக்கடியில் இது எப்படிக் கண்ணுக்குத் தப்பியது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பூச்சைச் சுரண்டி எடுத்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது காலையில் சிந்திய தண்ணீர் தரையில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்திருந்தது. துடைத்து முடிக்கும் நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. கற்றுக்கொடுக்கும் கார், ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்துச் சீட்டில் அம்மாவின் காலடியில் இன்னொன்று. நாள் முழுக்க அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து, சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும்கூட அம்மாவின் கால் தரையை அழுத்தும். இந்தக் குடும்பத்துக்கே ரெண்டாவது பிரேக் நீதான் என்று பட்டு கேலி செய்வாள்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் விழுந்தாள். இன்றைக்கு வந்த ஒரு பாங்க் அதிகாரி சிக்னலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, எனக்குப் பதிலா நீங்களே ஓட்டிடுங்க மேடம் என்று அழுதாராம். பின்னால் ஒரே ஹார்ன் சத்தமாம். ஹார்ன் அடிக்கறவன் என்ன தாய் வயித்துலயே கிளட்ச் மிதிச்சானா என்று அம்மா அந்த வண்டிக்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்கினாளாம். சின்னு சிரித்துக்கொண்டே டீயைக் கொடுத்தாள். மேஜையில் கிடந்த அவள் போன் அதிர்ந்து, திரை எரிந்தது. பட்டு இன்னொரு படம் அனுப்பியிருந்தாள்.

எடுப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள்.

அம்மா கேள்வியாகக் கேட்பாள் என்று சின்னு பயந்தாள். யார் அனுப்பியது, எவ்வளவு நாளாக என்று ஒரு வார்த்தை இல்லை. டீயை வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கினாள். பூ பெரிதாயிற்று. அம்மா படத்தை ஓரத்துக்கு நகர்த்தினாள். டப்பாவைப் பிடித்திருந்த கட்டைவிரல் திரை நிறைய வந்தது.

“இன்னும் நகத்தைக் கடிக்கறா,” என்றாள்.

இத்தனை வருஷம் பூக்குமா பூக்குமா என்று காத்திருந்த பூ அந்தப் படத்தில் இருந்தது. அம்மா பார்த்தது ஒரு நகத்தை. பிளாஸ்டர் மாவிலும் பூச்சிலும் வெடித்துப் போன தன் விரல்களைச் சின்னு மடக்கி மடியில் மறைத்துக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் கை யாருக்குத் தெரியப் போகிறது.

அம்மா போனைத் திருப்பித் தந்தாள். எழுந்து, கைப்பையைக் கிளறினாள். ஓட்டுநர் கையேடு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, குடை எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் ஒரு களிம்பு ட்யூப் மேஜையில் விழுந்தது.

“போன வாரமே வாங்கிட்டேன். பைக்குள்ளயே கிடந்திருக்கு பாரு. ராத்திரி தடவிக்கிட்டுப் படு. அந்த ஆள்காட்டி விரல் ரொம்ப மோசமா இருக்கு. டீ டம்ளரைக்கூட நீ அந்த விரலைத் தூக்கிக்கிட்டுத்தான் பிடிக்கறே.”

சின்னு எதிரிலிருந்த டம்ளரை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். அப்படித்தான் பிடித்திருக்கிறாள். அவளுக்கே தெரியாது.

வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் சுவர் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போல் எழுந்து முன்னறைக்குப் போனாள். சின்னுவும் பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றாள். ஜன்னல் திண்டில் கொழுத்த இலைகளோடு ஜேட் செடி இருந்தது. அதற்கு மேலே, இன்னும் எரியாத பல்பு.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அக்கா வந்தால் இந்த வீடு அக்கா பக்கம் சாயும், அம்மாவின் கண் அந்தக் கட்டைவிரல் போகும் இடமெல்லாம் போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். சும்மா இருந்தால் போதும், எதுவும் மாறாது. தெருமுனையில் கண்ணை மூடிக்கொண்டு, நீ பார்த்துச் சொல்லு என்று ஒருத்தி தோளைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

அம்மாவின் கை சுவிட்சுக்குப் போனது.

“அம்மா. இன்னிக்கு அந்த விளக்கைப் போடாதே.”

கை அப்படியே நின்றது. அம்மா திரும்பவில்லை.

“ஏன், செடிக்கு ஆகாதா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

“செடிக்கும் ஆகாதுதான்,” என்றாள் சின்னு. “விளக்கு எரிஞ்சா நீ கோபமா உட்கார்ந்திருக்கேன்னு அர்த்தம். நாங்க அப்படித்தானேம்மா வளர்ந்தோம். வெள்ளிக்கிழமையானா அவ இந்தத் தெரு வழியா வர்றா. விளக்கைப் பார்த்துட்டு, நிறுத்தாம போயிடறா.”

அம்மாவின் கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

சின்னு ஜன்னலுக்குப் போய், தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். வெடித்த விரல் சுரீர் என்றது.

“சாவியை அடியில வைம்மா. ரொம்ப கனம். நான் சாய்ச்சுப் பிடிக்கறேன்.”